நாலு டிராக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எதை வாங்குவது?

சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. உள்ளே 17 கேசட். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் அவர் நடத்திய பாடகர் குழுவுக்காக, வீட்டிலேயே ஒரு நாலு டிராக் மெஷினில் பதிந்தவை. ஒரு டிராக்கில் கீபோர்டு, ஒன்றில் கிட்டார், ஒன்றில் தபேலா, நாலாவதில் குரல்கள். இதைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் கீபோர்டும் கிட்டாரும் மட்டும் பேய் முனகுவது போல மெதுவாகக் கேட்கும், தபேலாவும் குரலும் வரவே வராது. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா ஏத்திக் குடுடா, திரும்ப மிக்ஸ் பண்ணணும்" என்றார். மெஷின் எங்கே என்று கேட்டேன். அதை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

அப்புறம் ஒரு மாதம் நான் செய்தது, ஆடியோ இன்டர்ஃபேஸ்களை, அதாவது வெளிக் கருவியின் சத்தத்தை டிஜிட்டலாக்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டிகளை, ஒப்பிட்டுப் பார்ப்பது. எதில் ப்ரீஆம்ப் நல்லது, எதில் கன்வெர்ட்டர் உசத்தி என்று. பாதிக்கு மேல் வீண் வேலை அது. டால்பி, டிபிஎக்ஸ் போன்ற இரைச்சல் குறைப்பு எதுவும் இல்லாத கேசட்டில் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 50, 55 டெசிபெல்தான். இன்றைய மலிவான இன்டர்ஃபேஸே 100 டெசிபெல் அளவைத் தொடும். டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலுக்கு முன்னால் இன்டர்ஃபேஸின் இரைச்சல் காதிலேயே விழாது. அங்கே பணத்தைக் கொட்டாதீர்கள். டேப்பை ஓட்டும் மெஷினுக்குத்தான் பணம் போக வேண்டும். இன்டர்ஃபேஸில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்: ஒரே நேரத்தில் எத்தனை லைன் இன்புட், அதாவது டேப் மெஷின் போன்ற கருவிகளை நேரே செருகும் துளை.

வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் டேப் என்ன ரகம் என்று பார்த்துவிடுங்கள். டாஸ்காம் நிறுவனத்தின் முதல் போர்ட்டாஸ்டுடியோ, 144 என்ற மாடல், 1979-இல் வந்தது. கேசட்டின் இரு பக்கத்துக்கும் உரிய நாலு தடத்தையும் ஒரே திசையில் எழுதுவது, கூடவே நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவது: அதன் தந்திரம் அவ்வளவுதான். சாதாரண கேசட் வேகம் நொடிக்கு 1⅞ அங்குலம், இதில் 3¾. அதனால் சி-60 கேசட்டில் 15 நிமிடம்தான் பிடிக்கும், பி பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆனால் எல்லா நாலு டிராக் மெஷினும் இப்படி இல்லை. ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15 சாதாரண வேகத்திலேயே பதியும், டாஸ்காம் 424-இல் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். இரைச்சல் குறைப்பும் அப்படித்தான்: 144-இல் டால்பி பி, அதன் பிறகு வந்த டாஸ்காம்களில் பெரும்பாலும் டிபிஎக்ஸ், ஃபாஸ்டெக்ஸில் டால்பி பி அல்லது சி. கேசட் அட்டையில் யாராவது கிறுக்கி வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சித்தப்பா ஒவ்வொரு அட்டையிலும் சிவப்பு மையில் டிபிஎக்ஸ் என்று எழுதி வைத்திருந்தார். மனுஷன் தபால் துறையில் வேலை பார்த்தவர், எதையும் எழுதாமல் விட மாட்டார்.

சரி, முதலில் காசே செலவில்லாத வழி. வீட்டில் ஒரு நல்ல ஸ்டீரியோ கேசட் டெக் இருந்தால், ஏ பக்கத்தைப் போட்டு 1, 2 டிராக்குகளைப் பதியலாம். திருப்பிப் போட்டால் 3, 4 பின்னோக்கி வரும், அதுவும் இடம் வலம் மாறி: 4 இடப்பக்கம், 3 வலப்பக்கம். அதை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தலைகீழாக்கி, நான்கையும் இரண்டு மடங்கு வேகமாக்கினால் பாட்டு கிடைத்துவிடும். கேட்க ரொம்ப அழகான யோசனை. நான் ஒரு பாட்டுக்குச் செய்து பார்த்தேன். சுருள் நிறைந்திருக்கும்போது நாடா ஓடும் வேகமும், காலியாகும்போது ஓடும் வேகமும் மயிரிழை அளவு மாறும். திருப்பிப் போட்டால் அந்த மாற்றமும் தலைகீழ். முதல் சரணம் வரை ஒன்றாகப் போன தபேலா, கடைசிச் சரணத்தில் கீபோர்டுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. எட்டுத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக நகர்த்தி ஒட்டினேன். ஒரு பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இதற்கு மேல் டிபிஎக்ஸ் தொல்லை வேறு. டிபிஎக்ஸ் பதியும்போது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கி எழுதும், ஓட்டும்போது அதே கணக்கில் விரிக்க வேண்டும். விரிக்காமல் கேட்டால் கூச்சலாக, மூச்சு வாங்குவது போல வரும். டால்பி பி என்றால்கூட கொஞ்சம் கிறீச்சென்று இருக்கும், சமாளித்துவிடலாம். டிபிஎக்ஸைச் சமாளிக்க முடியாது. எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த வழி போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் மலிவாக யுஎஸ்பி கேசட் பிளேயர் என்று கைக்கு அடக்கமாக ஒன்று கிடைக்குமே, அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். வாக்மேன் ரகப் பொம்மை அது, சுருதி அலையும், ஸ்டீரியோ மட்டும்தான்.

அடுத்தது, கையில் ஏற்கெனவே இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் இருக்கிறது, நாலு டிராக் மெஷினும் இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்க மனசில்லை என்ற நிலை. முதலில் 1, 2-ஐ ஏற்றி, டேப்பைத் திரும்பச் சுற்றி 3, 4-ஐ ஏற்றுவார்கள். இதிலும் வேகம் காலை வாரும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே சராசரி வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 15 நிமிட முடிவில் 0.9 நொடி தள்ளிப்போய்விடும். இதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு உபாயம்: 1-2, 1-3, 1-4 என்று மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் டிராக் கூடவே வருவதால், அதன் அலைவடிவத்தைப் பார்த்து மற்றதை நேராக்கலாம். எந்த டிராக்கில் தாளம் இருக்கிறதோ அதைத் துணைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். ஐந்தாறு பாட்டுக்குச் சரி, 17 கேசட்டுக்கு இல்லை.

"இன்னொரு சின்ன யுஎஸ்பி கார்டு வாங்கி இரண்டையும் சேர்த்து வைத்தால் நாலு இன்புட் ஆச்சே?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். ஆகாது. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட நிமிடத்துக்கு 3 மில்லி வினாடி விலகும், 15 நிமிடத்தில் 45 மில்லி வினாடி, அதாவது காதுக்கே எட்டும் அளவு. ஆப்பிள் கணினியில் இரண்டு கருவிகளை ஒன்றாக்கி விலகலைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறது, அது ஓரளவு காப்பாற்றும். விண்டோஸில் இதற்காக மல்லுக்கட்டும் நேரத்துக்கு நாலு இன்புட் பெட்டி ஒன்றையே வாங்கிவிடலாம்.

அந்த நாலு இன்புட் பெட்டிகளில் மூன்றைப் பார்த்தேன். பெரிங்கர் யுஎம்சி 404 எச்டி, மோட்டு எம் 4, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4 ஐ 4. ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்பதில் மூன்றும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், மூன்றிலும் நாலு லைன் இன்புட் உண்டு. மோட்டுவில் முன்பக்கம் குட்டித் திரையில் அளவு அழகாகத் தெரியும், தனி அடாப்டர் வேண்டாம், கட்டுமானமும் நல்ல கனம். ஆனால் விலை பெரிங்கர்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு நாமே பாடி, வாசித்துப் பதியப் போகிறோம் என்றால் மோட்டு வாங்கலாம், வருத்தப்பட மாட்டீர்கள். டேப் ஏற்றுவதற்கு மட்டும் என்றால் பெரிங்கர்தான் என் தேர்வு. அதில் நாலு சேனலும் ஒரே மாதிரி, நாலுக்கும் உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித்தனி கெயின் திருகி. மோட்டுவிலும் ஸ்கார்லெட்டிலும் இரண்டு முன்னால் ஒரு விதம், இரண்டு பின்னால் வேறு விதம். நான்கையும் ஒரே அளவில் வைப்பது கொஞ்சம் எரிச்சல். பெரிங்கருக்குச் சுவரில் செருகும் அடாப்டர் ஒன்று தேவைப்படும், அதன் குறை அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. "என்னிடம் 12 சேனல் யுஎஸ்பி மிக்ஸர் இருக்கே, அது போதாதா?" பெரும்பாலான யுஎஸ்பி மிக்ஸர்கள் 12 சேனலையும் கலந்து இரண்டாக்கி, அந்த இரண்டை மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சேனல் ஒவ்வொன்றையும் தனியாக அனுப்புபவையும் உண்டு, உதாரணமாக சவுண்ட்கிராஃப்டின் எம்டிகே வரிசை. அப்படி ஒன்று சர்ச்சிலோ நண்பர் வீட்டிலோ சும்மா கிடந்தால் இரவல் வாங்கி வேலையை முடியுங்கள். கடையில் 'மல்டிசேனல்' என்ற வார்த்தையை நம்பாமல், யுஎஸ்பி வழியே எத்தனை உள்ளே போகும் என்று கேளுங்கள். பெட்டியின் பெயரில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். ஸ்கார்லெட் 18 ஐ 20-இல் 18 இன்புட் என்பது 8 அனலாக், 8 ஆப்டிக்கல், 2 டிஜிட்டல் என்ற கூட்டல். டேப்பிலிருந்து வயர் செருக 8 துளைதான்.

எட்டு டிராக் டேப் வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. கேசட்டிலேயே எட்டு டிராக் உண்டு, டாஸ்காம் 238, 688, யமஹா எம்டி 8 எக்ஸ் எல்லாம் அந்த ரகம். பெரிய சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் டேப்பில் கால் அங்குல அகலத்தில் ஃபாஸ்டெக்ஸ் ஆர் 8, டாஸ்காம் 388, அரை அங்குலத்தில் டாஸ்காம் 38. எட்டு லைன் இன்புட்டுக்கு மலிவில் பெரிங்கர் யுஎம்சி 1820. ஸ்கார்லெட் 18 ஐ 20-க்கு விலை அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும், டேப் விஷயத்தில் அந்த அதிகப் பணத்துக்குக் கிடைப்பது எனக்குத் தெரிந்து பெரிதாக ஒன்றுமில்லை. பழையது வாங்கத் தயார் என்றால் ஜூம் ஆர் 16 என்று ஒரு கருவி. எட்டு டிராக்கை ஒரே நேரத்தில் எஸ்டி கார்டில் பதிந்துவிடும், கம்ப்யூட்டரே வேண்டாம், பிறகு ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் பதியும் என்பது அதன் குறை. லேப்டாப் பழையது, பதியும்போது தொங்கிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இது நிம்மதி. பழைய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன, எட்டு இன்புட், தரமும் பிரமாதம். ஆனால் அந்தத் துளை இன்றைய லேப்டாப்பில் இல்லை, டிரைவரும் கிடைக்காது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அப்படியே பழைய நிலையில் வைத்திருப்பவருக்கு மட்டும் அது லாபம். பதினாறு டிராக் என்றால் யுஎம்சி 1820-இன் ஆப்டிக்கல் துளையில் பெரிங்கர் ஏடிஏ 8200-ஐச் சேர்த்து 8-ஐ 16 ஆக்கலாம், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது, அவ்வளவுதான்.

டேப் ஏடேட் ரகமாக இருந்தால், அதாவது எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட் போலத் தெரிந்தால், அனலாக் இன்புட்டே தேவையில்லை. அது டிஜிட்டல். மெஷினின் ஆப்டிக்கல் வயரை இன்டர்ஃபேஸில் செருகி, இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை ஏடேட்டின் பின்னால் ஓடும்படி மாற்றிவிட்டால் எட்டு டிராக்கும் அப்படியே உள்ளே வரும். கடிகாரத்தை மாற்ற மறந்தால் 'டிக் டிக்' என்று வெடிக்கும்.

இனி மெஷின். நாலு டிராக் மெஷின்களுக்கு மறுபடி மவுசு வந்து பழைய விலையெல்லாம் ஏறிவிட்டது, அதனால் விவரம் தெரியாமல் வாங்கினால் வலிக்கும். முதல் விஷயம், பின்னாலோ மேலேயோ 'டேப் அவுட் 1, 2, 3, 4' என்று நாலு ஆர்சிஏ துளை இருக்க வேண்டும். மலிவு மாடல்கள் சிலவற்றில் இடம், வலம் என்று இரண்டுதான் இருக்கும். அதில் சத்தத்தை இடம், வலம் என்று தள்ளும் பான் திருகியை இரு ஓரத்துக்கும் திருப்பி இரண்டிரண்டாகத்தான் எடுக்க வேண்டும், மேலே சொன்ன வேகத் தகராறு மறுபடி தலைகாட்டும். இரண்டாவது, டேப்பைப் பதிந்த மெஷினின் வேகமும் இரைச்சல் குறைப்பும் இதில் இருக்க வேண்டும். டிபிஎக்ஸிலேயே இரண்டு வகை உண்டு: கேசட் மெஷின்களில் டைப் 2, டாஸ்காமின் ஸ்பூல் மெஷின்களில் டைப் 1. ஒன்றில் எழுதியதை இன்னொன்று சரியாக விரிக்காது. மூன்றாவது மின்சாரம். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். நம் 230-இல் நேரே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பூல் மெஷின்கள் சிலவற்றில் மோட்டாரின் வேகமே மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் போதாது.

நான் ஒரு 424-ஐப் பழையதாக வாங்கினேன். விற்றவர் "ஃபுல் ஒர்க்கிங் சார்" என்று சத்தியம் செய்தார், விளக்கு எரிவதை வீடியோ எடுத்தும் அனுப்பினார். விளக்கு உண்மையிலேயே நன்றாக எரிந்தது. கேசட் போட்டு பிளே அழுத்தினால் மோட்டார் மட்டும் சுற்றுகிறது, நாடா நகரவில்லை. திறந்து பார்த்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டவே ஒரு மாலை ஆனது, விரல் கறுப்புப் போக இரண்டு நாள். ரிச்சி தெருவில் அளவு கொடுத்து பெல்ட் வாங்கிப் போட்டேன், ஓடியது. ஆகவே வீடியோ கேட்பதானால் கேசட் ஓடும் வீடியோ, நாலு டிராக்கும் ஒவ்வொன்றாகக் கேட்கும் வீடியோ கேளுங்கள். பெல்ட்டுக்கும் ரோலருக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கியே விலை பேசுங்கள். ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம், அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

வயர் விஷயத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அதிகம். ஒரு பக்கம் ஆர்சிஏ, மறுபக்கம் 6.35 மில்லிமீட்டர் மோனோ பின், அப்படி நாலு வேண்டும். போர்ட்டாஸ்டுடியோ வெளியே விடுவது மைனஸ் 10 டிபிவி அளவு, ஸ்டுடியோக் கருவிகளின் பிளஸ் 4 டிபியுவைவிட சுமார் 12 டெசிபெல் குறைவு. இன்டர்ஃபேஸில் லைன் நிலையில் வைத்து, கெயினைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், மென்பொருளின் மீட்டரில் உச்சம் மைனஸ் 10-ஐ ஒட்டி நின்றால் நிறைவு. 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதிலேயே தீர்ந்தது, காசு கொடுத்து வாங்கிய ஹம் நீக்கும் டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

எத்தனை கிலோஹெர்ட்ஸ்? ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐயாசா குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. கேசட்டுக்கு நானும் அதையே வைத்தேன். நாலு டிராக்குக்கு நிமிடத்துக்கு 35 எம்பி அளவு, என் 17 கேசட்டும் சேர்ந்து 9 ஜிபிகூட வரவில்லை. 96-இல் பதிந்தாலும் 18 ஜிபிக்குள், இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம், ஆனால் விண்டோஸில் இரண்டுக்கு மேற்பட்ட சேனலைப் பிடிக்க அது படுத்தும். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், பிடித்திருந்தால் 60 டாலர். நாலு டிராக்கைத் திறந்து, நாலுக்கும் இன்புட் சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. பெட்டியோடு வரும் மென்பொருளில் எத்தனை டிராக் அனுமதி என்று பார்த்துக்கொண்டு அதையும் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் எதற்கு, வெளியே கொடுத்துவிடலாமே என்றால், அதுவும் நியாயமான வழிதான். இரண்டு மூன்று டேப் மட்டும் என்றால் மெஷின் தேடி அலைவதைவிடக் கொடுப்பதே மலிவு. அரை அங்குலம், ஓர் அங்குலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள், அந்த மெஷினை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாது. ஆம்பெக்ஸ் 456 போன்ற ஸ்பூல் டேப்கள் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப்போய், ஓட்டும்போது ஹெட்டில் ஒட்டிக் கிறீச்சிடும். 54 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் இதமாகச் சூடாக்கிய பிறகுதான் ஓட்ட வேண்டும். அதை இட்லிச் சட்டியிலோ சமையல் அவனிலோ முயற்சி செய்யாதீர்கள், பழைய அசிடேட் டேப்பைச் சூடாக்கவே கூடாது. கேசட்டுக்கு இந்தப் பிசுபிசுப்பு பொதுவாக வராது, நம் ஊர் ஈரத்துக்கு வருவது பூஞ்சை. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் மெஷினில் போடவே வேண்டாம், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். என் 17-இல் மூன்று அப்படி. அந்த மூன்றை மட்டும் வெளியே கொடுத்தேன்.

மற்ற 14-க்கும் கடைசியில் நான் வைத்துக்கொண்டது: பழைய 424, பெரிங்கர் 404 எச்டி, நாலு வயர், ரீப்பர், ஒரு பாட்டில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு கட்டு காது பட்ஸ். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஹெட்டைத் துடைத்தேன், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் திருகியை நடுவில் வைத்தேன், முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பதிந்தேன். இரண்டு சனிக்கிழமையில் முடிந்தது. மெஷினை இப்போதைக்கு விற்கவில்லை. சித்தப்பா எல்லா ஃபைலையும் உட்கார்ந்து கேட்டு முடிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஆறாவது கேசட்டில் டிபிஎக்ஸ் பொத்தானை அழுத்த மறந்திருந்தேன், அதை அவர்தான் கண்டுபிடித்தார்.